நீள்வீட்டின் மக்கள்: இரோக்குவாய் கூட்டமைப்பும் அதன் அண்டை இனங்களும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரோக்குவாய் என்று அழைக்கப்படுவோர் யார்?

இன்றைய நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், மோஹாக் ஆற்றுப் பள்ளத்தாக்கு முதல் மேற்கே ஜெனிசீ ஆறு வரை வாழ்ந்த ஐந்து தேசங்களின் கூட்டமைப்பையே இப்பெயர் முதன்மையாகக் குறிக்கிறது. கிழக்கிலிருந்து மேற்காக மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனிகா என்பது அவற்றின் வரிசை. 1711 முதல் 1713 வரை நடந்த போருக்குப் பின் வட கரோலினாவிலிருந்து வெளியேறிய டஸ்கரோரா மக்கள், 1722 அளவில் ஆறாவது தேசமாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். இரோக்குவாய் என்பது பிரெஞ்சுக்காரர்கள் வழியாகப் பரவிய பெயர். அம்மக்கள் தம்மை ஹோடினோஷோனி, அதாவது நீள்வீட்டின் மக்கள் என்று அழைத்துக்கொள்வதால் இங்கும் அப்பெயரே பெரிதும் பயன்படுத்தப்படுகிறது.

ஒரு குழப்பத்தை முதலிலேயே நீக்கிவிடலாம். மொழியியலாளர்கள் இதே பெயரை ஒரு மொழிக்குடும்பத்துக்கும் இட்டுள்ளனர். அக்குடும்பத்தில் கூட்டமைப்பின் பகைவர்களாக இருந்த வென்டாட் மக்களின் மொழியும், தொலைவில் தெற்கே வாழ்ந்த செரோக்கி மக்களின் மொழியும் அடங்கும். மொழியால் உறவு என்பதால் அவர்கள் ஒரே அணியில் இருந்தார்கள் என்று பொருளல்ல.

அவர்கள் கூம்புக் கூடாரங்களில் வாழ்ந்து, குதிரையேறி எருமை வேட்டையாடியவர்கள்தாமே?

இல்லை. அந்தக் காட்சிகள் மேற்கே வெகுதொலைவிலுள்ள சமவெளி மக்களுக்கு உரியவை; திரைப்படங்கள் அவற்றை அமெரிக்கத் தொல்குடிகள் எல்லோர் மீதும் ஏற்றிவிட்டன. ஹோடினோஷோனியர் காடு சூழ்ந்த ஊர்களில் நிலைத்து வாழ்ந்த உழவர்கள். ஆண்கள் அணியும் குஸ்தோவே என்னும் தலைப்பாகையில்கூட நிமிர்ந்து நிற்கும் இறகுகள் சிலவே. மோஹாக்கியருக்கு மூன்று, ஒனைடாவினருக்கு இரண்டு என அவற்றின் எண்ணிக்கையும் நிலையும் ஒருவர் எந்தத் தேசத்தவர் என்பதைக் காட்டும்.

நீள்வீடு என்பது எப்படிப்பட்டது?

இளமரக் கம்பங்களை நட்டு, அவற்றின் நுனிகளை வளைத்துக் கட்டி, எல்ம் மரப்பட்டைகளைப் பலகைகளாக உரித்துப் போர்த்திய நீண்ட கட்டடம் அது. அகலம் பெரும்பாலும் 20 அடி அளவில் நிற்க, நீளம் மட்டும் குடும்பங்களின் எண்ணிக்கைக்கேற்ப மாறும். 60 அடி வீடுகளும் உண்டு, 200 அடியைத் தாண்டியவையும் அகழாய்வுகளில் கிடைத்துள்ளன. நடுவே நெடுகச் செல்லும் நடையில் இடைவெளி விட்டு அடுப்புகள் இருக்கும். ஒவ்வோர் அடுப்பையும் எதிரெதிரே வாழும் இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும். இருபுறமும் உறங்குவதற்கான மேடைகள், அவற்றுக்கு மேலே பொருள்களை வைக்கப் பரண், கூரையில் புகைபோக வழி. குளிர்காலத்தில் புகை உள்ளேயே தேங்கிக் கண்ணை வருத்தியது என்று வீட்டினுள் தங்கிய பிரெஞ்சு மறைப்பணியாளர்கள் புலம்பி எழுதியிருக்கிறார்கள்.

இந்த வீட்டின் உரிமை பெண்களிடம் இருந்தது. ஒரு மூதாட்டி, அவருடைய மகள்கள், அவர்களின் பிள்ளைகள், மணமாகி இங்கே குடிவந்த மருமகன்கள் ஆகியோரே வீட்டார். மகளுக்குத் திருமணமானால் வீட்டின் ஒரு முனையை நீட்டிக் கட்டினால் போதும். ஊரைச் சுற்றி மரத்தண்டுகளால் வேலி எழுப்புவதும் உண்டு. மண்ணின் வளமும் அருகிலுள்ள விறகும் குறையும்போது, ஏறத்தாழ 10 முதல் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஊரையே சற்றுத் தள்ளிப் புதிதாக அமைத்துக்கொண்டார்கள்.

தாய்வழிச் சமூகம் என்கிறார்கள். நடைமுறையில் அதன் பொருள் என்ன?

பிள்ளை தாயின் குலத்தைச் சேர்ந்தது; தந்தையின் குலத்தை அல்ல. மோஹாக், ஒனைடா மக்களிடையே ஆமை, ஓநாய், கரடி என மூன்று குலங்கள். செனிகாவினரிடம் நீரில் வாழும் கொறிவிலங்கான பீவர், மான், பருந்து, நாரை முதலியவற்றையும் சேர்த்து எட்டு. ஒரே குலத்தில் மணம் செய்துகொள்வது கூடாது. குலங்கள் தேச எல்லையைக் கடந்தவை என்பதால், மோஹாக் ஓநாய்க் குலத்தவர் ஒருவர் நெடுந்தொலைவு நடந்து செனிகா ஊரொன்றை அடைந்தால், அங்குள்ள ஓநாய்க் குலத்தாரின் வீடு அவருக்கு உடன்பிறந்தாரின் வீடு.

நிலத்தைத் திருத்தும் கடும்பணியை ஆண்கள் செய்தாலும், விதைப்பும் களையெடுப்பும் அறுவடையும் பெண்களின் கூட்டுவேலை. விளைச்சலைப் பங்கிடும் உரிமையும் அவர்களுடையதே. மணமுறிவு ஏற்பட்டால் கணவன்தான் தன் பொருள்களை எடுத்துக்கொண்டு தன் தாயின் வீட்டுக்குத் திரும்புவான். பிள்ளைகளும் வீடும் தாயிடமே இருக்கும்.

இதைப் பெண்ணாட்சி என்று சிலர் எழுதுவது மிகை என்றே தோன்றுகிறது. கூட்டமைப்பின் பேரவையில் அமர்ந்து பேசியவர்கள் ஆண்கள். ஆனால் அவர்களை அங்கே உட்காரவைத்தவர்களும், தேவைப்பட்டால் எழுப்பி அனுப்பியவர்களும் பெண்கள். அதிகாரம் இரண்டாகப் பிரிந்திருந்தது. அதன் வேர் வீட்டில் இருந்தது. இக்கூட்டமைப்பின் அரசியல், சடங்கு, போர் ஆகிய எதையும் உறவுமுறையிலிருந்து தொடங்காமல் புரிந்துகொள்ள முடியாது.

அவர்களுடைய உறவுமுறைகள் தமிழர் உறவுமுறையைப் போன்றவை என்பது உண்மையா?

ஓரளவு உண்மை, இதற்கு ஒரு வரலாறும் உண்டு. நியூயார்க்கின் ராச்செஸ்டர் நகர வழக்கறிஞரான லூயிஸ் ஹென்றி மார்கன், செனிகா இளைஞர் ஈலி பார்க்கரின் உதவியோடு அம்மக்களின் உறவுப்பெயர்களைத் தொகுத்தார். அப்பாவின் அண்ணன் தம்பியும் அப்பாவே, அம்மாவின் அக்காள் தங்கையும் அம்மாவே, அவர்களின் பிள்ளைகள் உடன்பிறப்புகளே. ஆனால் தாய்மாமனும் அத்தையும் வேறு வகை, அவர்களின் பிள்ளைகளும் வேறு வகை. பெரியப்பா, சித்தி என்று அழைத்து வளர்ந்த தமிழருக்கு இதில் வியப்பே இல்லை. மார்கனுக்கோ இது பெரும் வியப்பு. உலகெங்கும் வினாப்பட்டியல்களை அனுப்பிய அவருக்கு, ஆர்க்காட்டு அமெரிக்க மிஷனில் பணியாற்றிய ஸ்கடர் குடும்பத்தார் வழியாகத் தமிழ் உறவுப்பெயர்கள் கிடைத்தன. பிற்காலத்தில் வேலூர் மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடரின் குடும்பம்தான் அது. இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்த மார்கன், அமெரிக்கத் தொல்குடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இதுவே சான்று என்று கருதி, தம் ஆய்வை 1871இல் வெளியிட்டார்.

அந்த முடிவு நிற்கவில்லை. இரண்டு முறைகளும் நெருங்கிய உறவினர் அளவில் ஒத்துப்போனாலும், அடுத்த வட்டத்தில் பிரிந்துவிடுகின்றன என்பதை மானிடவியலாளர் ஃபிலாய்ட் லௌன்ஸ்பரி 1964இல் தெளிவாகக் காட்டினார். அப்பாவின் அத்தை மகனை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அவர் நமக்கு மாமா முறை. செனிகா மொழியில் அவர் அப்பா முறை. காரணம் எளிது. தமிழ் உறவுப்பெயர்கள் முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்னும் மணவுறவைச் சுற்றி அமைந்தவை. அப்பாவின் அத்தை மகன் என்றால் அவர் அம்மாவுக்கு அண்ணன் முறை ஆகவேண்டும். ஹோடினோஷோனியரிடம் அத்தை மகளையோ மாமன் மகளையோ மணக்கும் முறை அமையவில்லை. அங்கே கணக்கு வேறு. மானிடவியலில் திராவிட வகை, இரோக்குவாய் வகை என்று இவை இன்றும் தனித்தனியாகப் பேசப்படுகின்றன. ஆகவே, இந்த ஒற்றுமையைக் காட்டி அவர்கள் பழந்தமிழரின் வழித்தோன்றல்கள் என்று பரப்புவோரை நம்பவேண்டியதில்லை.

மூன்று சகோதரிகள் என்பவை எவை? உணவு எப்படி இருந்தது?

மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி ஆகிய மூன்றையும் ஒரே மண்மேட்டில் சேர்த்து வளர்த்தார்கள். சோளத்தட்டையைப் பற்றிக்கொண்டு பீன்ஸ் கொடி ஏறும். பீன்ஸின் வேர்முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கும். பூசணியின் அகன்ற இலைகள் தரையை மூடிக் களையையும் ஈரம் காய்வதையும் தடுக்கும். ஏர் இல்லாத வேளாண்மை இது. கட்டியை உடைக்கவும் மேடு அணைக்கவும் மண்வெட்டியே போதுமானதாக இருந்தது.

சோளத்தைப் பக்குவப்படுத்தும் முறை இன்னும் நுட்பமானது. கடினமான மரத்தின் சாம்பல் கரைத்த நீரில் சோளத்தை வேகவைத்து, மேல்தோல் கழன்றதும் கூடையில் இட்டு அலசுவார்கள். பிறகு அதை முழுதாகப் பீன்ஸோடு சேர்த்துக் கஞ்சியாகக் காய்ச்சலாம். அல்லது நிமிர்த்தி வைத்த மர உரலில் இடித்துச் சலித்து, மாவை உருட்டித் தட்டி வெந்நீரில் வேகவைத்துச் சோளரொட்டி செய்யலாம். சாம்பல் காரம் தோலை நீக்குவதோடு, உடல் ஏற்கமுடியாதபடி சோளத்தில் கட்டுண்டிருக்கும் நியாசின் என்னும் சத்தையும் விடுவிக்கிறது. ஐரோப்பியர் சோளத்தை எடுத்துச் சென்றார்கள். இந்தச் சமையல் முறையை எடுத்துச் செல்லவில்லை. வட இத்தாலியில் சோளத்தை மட்டுமே நம்பிய ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் வாட்டியதற்குக் காரணம் இதுவே.

மான், மீன், காட்டுப்புறா, கொட்டைகள், பழங்கள் ஆகியவற்றோடு, வசந்தத்தின் தொடக்கத்தில் மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையும் எடுத்தார்கள்.

கூட்டமைப்பு எப்போது, எப்படி உருவானது?

வாய்மொழி மரபின்படி, ஐந்து தேசங்களும் பழிக்குப் பழியென ஓயாமல் கொன்றுகொண்டிருந்த காலத்தில், வடக்கிலிருந்து அமைதிதூதர் ஒருவர் வந்தார். அவருடைய பெயரை உச்சரிப்பதைப் பலர் இன்றும் தவிர்ப்பதால் இங்கும் அவ்வாறே குறிக்கப்படுகிறது. அவருடைய செய்தியை முதலில் ஏற்றவர் ஜிகொன்சாசே என்னும் பெண். மகள்களை இழந்து துயரத்தில் காட்டில் அலைந்த ஹயாவதா அந்தத் தூதரின் பேச்சாளரானார். இறுதிவரை எதிர்த்தவர், தலைமயிரில் பாம்புகள் நெளிந்த ஒனொண்டாகா தலைவர் ததொதாஹோ. அவரை அவர்கள் கொல்லவில்லை. துயரையும் வெறியையும் பாடல்களால் ஆற்றி, பாம்புகளை வாரி எடுத்து, பேரவையின் முதன்மையிடத்தை அவருக்கே தந்தார்கள். அவருடைய பெயரே இன்றும் அப்பதவியின் பெயர். பின்னர் வெள்ளைப் பைன் மரத்தை வேரோடு பெயர்த்து, குழியில் படைக்கருவிகளைப் போட்டு, மரத்தை மீண்டும் நட்டார்கள். அம்மரத்தின் ஊசியிலைகள் ஐந்தைந்தாகக் கொத்தாக வளர்பவை.

காலத்தைப் பற்றி உடன்பாடு இல்லை. மரபில் பேசப்படும் கதிரவன் மறைப்பைக் கொண்டு 1142 என்று சிலர் கணிக்கின்றனர். தொல்லியலாளர் பலர் 1450க்கும் 1600க்கும் இடைப்பட்ட காலத்தைச் சொல்கின்றனர். ஐரோப்பியர் வரும்போது கூட்டமைப்பு நன்கு நிலைபெற்றிருந்தது என்பதில் ஐயமில்லை.

பேரவை எப்படி முடிவெடுத்தது?

மொத்தம் 50 தலைமைப் பட்டங்கள்: ஒனொண்டாகாவுக்கு 14, கயூகாவுக்கு 10, மோஹாக்குக்கும் ஒனைடாவுக்கும் ஒன்பது ஒன்பது, செனிகாவுக்கு 8. எண்ணிக்கை சமமில்லாதது குறையன்று. வாக்கெடுப்பே இல்லாத அவையில் அதற்குப் பொருளில்லை. மோஹாக், செனிகா தலைவர்கள் முதலில் கலந்து பேசி, தம் கருத்தை நெருப்புக்கு எதிர்ப்புறம் அமர்ந்த ஒனைடா, கயூகா தலைவர்களிடம் அனுப்புவார்கள். இரு தரப்பும் ஒருமனமானால், நெருப்பைக் காக்கும் ஒனொண்டாகாவினர் அதை உறுதிசெய்வார்கள். முன்னவர்கள் மூத்தோர், பின்னவர்கள் இளையோர் என்று அங்கேயும் உறவுமுறையிலேயே விளித்துக்கொண்டார்கள். நாடு முழுவதுமே ஒரு நீள்வீடு: மோஹாக் கிழக்கு வாசலைக் காப்பவர், செனிகா மேற்கு வாசலைக் காப்பவர், நடுவில் ஒனொண்டாகாவின் அடுப்பு.

ஒவ்வொரு பட்டமும் ஒரு குறிப்பிட்ட குலக்குடும்பத்துக்கு உரியது. தலைவர் இறந்தால் குலத்தாய் தம் குடும்பப் பெண்களோடு கலந்து அடுத்தவரைத் தேர்வார். அவர் இறந்தவரின் பெயரையும் மான்கொம்பு அடையாளத்தையும் ஏற்பார். தவறு செய்யும் தலைவருக்கு மூன்று எச்சரிக்கைகள். அதன்பின் கொம்பு நீக்கப்படும். பதவியேற்பின்போது நடப்பது வாழ்த்துக்கூட்டம் அல்ல, துயராற்றும் சடங்கு: இழப்புக்கு ஆளான தரப்பின் கண்ணீரைத் துடைத்து, காதடைப்பையும் தொண்டையடைப்பையும் நீக்குவதாக எதிர்த்தரப்பு பாடி உரைக்கும். துக்கத்தில் இருப்பவர் தெளிவாகச் சிந்திக்கமாட்டார் என்பதை அரசியல் விதியாகவே ஆக்கிய சமூகம் இது.

வாம்பம் மணிகள் பணமா?

அவர்களுக்கு அல்ல. கடற்சங்கிலிருந்து வெள்ளை மணிகளும், குவாஹாக் என்னும் சிப்பியிலிருந்து ஊதா மணிகளும் அல்கோன்கியன் மொழிகளைப் பேசிய கடலோர மக்களால் செய்யப்பட்டு உள்நாட்டுக்கு வந்தன. நாணயத் தட்டுப்பாட்டால் அவற்றைப் பணமாக்கியவர்கள் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும். ஹோடினோஷோனியருக்கு வாம்பம் என்பது சொல்லுக்குச் சாட்சி. மணிச்சரம் இல்லாத தூதருக்கு மதிப்பில்லை. உடன்படிக்கைகளைப் பட்டைகளாகக் கோத்து, அவற்றின் பொருளை நினைவிலிருந்து ஓதுவதற்கு ஆட்களைப் பழக்கினார்கள். வெள்ளைப் பரப்பில் இரண்டு ஊதாக் கோடுகள் ஓடும் இருவரிசைப் பட்டை, தங்கள் ஓடமும் ஐரோப்பியரின் கப்பலும் ஒரே ஆற்றில் ஒன்றன் வழியில் ஒன்று குறுக்கிடாமல் செல்வதைக் குறிக்கிறது. நியூயார்க் மாநில அருங்காட்சியகம் பல பட்டைகளை 1989இல் ஒனொண்டாகா தேசத்திடம் திருப்பித் தந்தது.

அமைதியைப் பேசியவர்கள் இவ்வளவு போர்களில் ஈடுபட்டது ஏன்?

அமைதிதூதர் கொண்டுவந்த பேரமைதி கூட்டமைப்புக்குள் இருந்தவர்களைத்தான் கட்டுப்படுத்தியது. வெளியே, போரின் முக்கியக் காரணங்களில் ஒன்று மீண்டும் உறவுமுறையே: இறந்தவரின் இடம் வெறுமையாக இருக்கக்கூடாது. துயருற்ற குடும்பத்துப் பெண்கள் கேட்டால், இளைஞர்கள் சென்று சிறைபிடித்து வருவார்கள். சிலர் கொடுமையாகக் கொல்லப்பட்டார்கள். இதை மறைப்பது நேர்மையாகாது. மற்றவர்கள், குறிப்பாகப் பெண்களும் குழந்தைகளும், இறந்தவரின் பெயரையும் இடத்தையும் பெற்று முழு உறுப்பினராயினர். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிடிபட்ட ஐரோப்பியக் குடியேறிக் குடும்பத்துச் சிறுமி மேரி ஜெமிசனைத் தம் சகோதரனை இழந்த இரண்டு செனிகாப் பெண்கள் தங்கையாக ஏற்றனர். திரும்பிச் செல்லும் வாய்ப்பு வந்தபோதும் மறுத்து, 1833இல் இறக்கும்வரை அவர் செனிகாவாகவே வாழ்ந்தார்.

17ஆம் நூற்றாண்டில் பெரியம்மை ஊர்களைக் காலிசெய்ய, பீவர் தோல் வணிகமும் துப்பாக்கியும் சேர, பழைய வழக்கம் பேரழிவாக மாறியது. 1649இல் வென்டாட் கூட்டமைப்பு சிதறியது; அடுத்த ஆண்டுகளில் பெட்டூன், நியூட்ரல், ஈரி மக்களும் சிதறினர். 1701இல் மான்ட்ரியலில் பிரெஞ்சுக்காரரோடும் ஏறத்தாழ 40 தேசங்களோடும் செய்துகொண்ட உடன்படிக்கைதான் இந்த நெடும்போருக்கு முடிவுகட்டியது.

அண்டை இனத்தார் எவ்வகையில் வேறுபட்டனர்?

வென்டாட் மக்கள் இன்றைய கனடாவில், ஹியூரான் ஏரியின் ஜார்ஜியன் விரிகுடாவுக்கு அருகே வாழ்ந்தனர். நீள்வீடு, சோளம், தாய்வழிக் குலம் என வாழ்க்கைமுறை பெரும்பாலும் ஒன்றே. அவர்களுக்கே உரிய பெருஞ்சடங்கு இறந்தோர் விழா. ஊர் இடம்பெயரும்போது, தனித்தனியே வைத்திருந்த எலும்புகளை எடுத்துத் தூய்மைசெய்து, பீவர் தோல்களால் போர்த்தி, ஒரே பெருங்குழியில் சேர்த்து அடக்குவார்கள். 1636இல் இதை நேரில் கண்ட பிரெஞ்சு மறைப்பணியாளர் ழான் தெ பிரேபேஃப் விரிவாக எழுதியுள்ளார். தமிழர் பெருமளவில் வாழும் டொராண்டோவின் ஸ்கார்பரோவில், 1956இல் கட்டுமானப் பணியின்போது வெளிப்பட்ட டேபர் மேடு இத்தகைய கூட்டுக்கல்லறையே. அதே பகுதியின் கிழக்கோரத்திலுள்ள ரூஜ் ஆற்றருகே, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செனிகா ஊரொன்றும் இருந்தது.

அல்கோன்கியன் மொழிகளைப் பேசிய மக்கள் பலதிறத்தினர். ஹட்சன் ஆற்றங்கரை மொஹிக்கன்களும் தெற்கே லெனாப்பே மக்களும் சோளம் பயிரிட்டனர், லெனாப்பேயரும் தாய்வழியினர். வடக்கே ஓஜிப்வே உள்ளிட்ட அனிஷினாபே மக்களிடம் குலம் தந்தைவழியில் வந்தது. வேளாண்மை கடினமான அப்பகுதியில் அவர்கள் பருவத்துக்கேற்ப இடம்மாறி, ஏரிகளில் தானாக விளையும் காட்டரிசியைப் படகிலிருந்து தட்டி எடுத்தனர். அவர்களுடைய பிர்ச் பட்டைப் படகு எடை குறைந்தது, விரைவானது. ஹோடினோஷோனியரின் எல்ம் பட்டைப் படகு அதற்கு ஈடாகாது.

அவர்களுடைய சடங்குகளையும் முகமூடிகளையும் பற்றிச் சொல்லமுடியுமா?

ஆண்டு முழுவதும் விழாக்கள் பயிரையும் பருவத்தையும் ஒட்டி வருகின்றன: அடுப்புச் சாம்பலைக் கிளறித் தொடங்கும் நடுக்குளிர் விழா, மேப்பிள், விதைப்பு, ஸ்ட்ராபெரி, பசுஞ்சோளம், அறுவடை. எந்தக் கூட்டமும் நன்றியுரையோடு தொடங்கும். மக்கள், நிலம், நீர், மீன்கள், செடிகள், விலங்குகள், காற்று, இடிமூத்தோர், கதிரவன், பாட்டியான நிலா, விண்மீன்கள், படைத்தவர் என வரிசையாக நன்றி கூறி, ஒவ்வொன்றின் முடிவிலும் நம் மனம் ஒன்றாகுக என்று அவையோர் இசைவார்கள். நோய்தீர்க்கும் சங்கத்தாரின் முகமூடிகளைக் காட்சிக்கு வைப்பதையும் படமெடுத்துப் பரப்புவதையும் பேரவை தடைசெய்யக் கோரியுள்ளது. அதனால் அவற்றின் விவரிப்பு இங்கே தவிர்க்கப்படுகிறது.

லாக்ராஸ் விளையாட்டு அவர்களுடையதா?

வலைகட்டிய கோலால் பந்தை ஏந்தி எறிந்து ஆடும் இவ்விளையாட்டு, கிழக்குப் பகுதித் தொல்குடிகள் பலருக்கும் பொதுவானது. ஹோடினோஷோனியர் இதைப் படைத்தவரின் விளையாட்டு என்பர். நோயுற்றவரின் நலனுக்காகவும் ஆடுவர். அவர்களுடைய அணி தனித் தேசமாக உலகப் போட்டிகளில் ஆடுகிறது. 2010இல் அவர்களின் சொந்தக் கடவுச்சீட்டை பிரிட்டன் ஏற்க மறுத்ததால், இங்கிலாந்தில் நடந்த உலகப் போட்டியில் அவர்கள் கலந்துகொள்ளவில்லை.

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் இவர்களிடமிருந்து வந்ததா?

1744இல் லங்காஸ்டர் பேச்சுவார்த்தையில் ஒனொண்டாகா தலைவர் கனசடேகோ, தங்களைப் போல ஒன்றுபடுமாறு பிரிட்டிஷ் குடியேற்றங்களுக்கு அறிவுரை கூறினார். அதை அச்சிட்டவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1988இல் அமெரிக்கக் காங்கிரஸ் இக்கூட்டமைப்பின் பங்களிப்பை ஏற்றுத் தீர்மானமும் நிறைவேற்றியது. எடுத்துக்காட்டாக இருந்தது என்பது வரை ஏற்கலாம். அதைப் பார்த்தே சட்டத்தை எழுதினார்கள் என்பதற்குச் சான்று போதாது. ஒருமனப்பாடும் குலத்தாயரின் உரிமையும் அந்தச் சட்டத்தில் எங்கே இருக்கின்றன?

பிறகு அவர்கள் எங்கே போனார்கள்?

எங்கும் போய்விடவில்லை; ஆனால் நிலத்தின் பெரும்பகுதி போய்விட்டது. அமெரிக்க விடுதலைப் போரில் ஒனைடா, டஸ்கரோரா மக்களில் பெரும்பாலோர் அமெரிக்கர் பக்கமும், மற்றவர்களில் பெரும்பாலோர் பிரிட்டன் பக்கமும் நின்றனர். 1779இல் வாஷிங்டன் அனுப்பிய தளபதி சல்லிவனின் படை சுமார் 40 ஊர்களையும் களஞ்சியங்களையும் பழமரங்களையும் எரித்தது. ஊரழிப்பவர் என்பதே வாஷிங்டனுக்கு அவர்கள் மொழிகளில் வழங்கும் பெயர். பிரிட்டன் பக்கம் நின்ற மோஹாக் தலைவர் ஜோசப் பிராண்டைப் பின்பற்றியவர்கள் 1784இல் கனடாவின் கிராண்ட் ஆற்றங்கரையில் குடியேறினர். 1794ஆம் ஆண்டு கனன்டைகுவா உடன்படிக்கையின்படி, அமெரிக்க அரசு இன்றும் ஆண்டுதோறும் துணி வழங்கிவருகிறது. 1799இல் செனிகாவினரான ஹேண்ட்சம் லேக் கண்ட காட்சிகளிலிருந்து எழுந்த நெறி, நொறுங்கிப்போன ஊர்களை மதுவிலிருந்து மீட்டது; நீள்வீட்டுச் சமயமாக அது இன்றும் வாழ்கிறது. ஆனால் அந்நெறி குடும்பத் தலைமையைக் கணவன் பக்கம் சாய்த்தது என்று ஆய்வாளர்கள் சிலர் குறைகூறுவதும் உண்டு.

இவற்றை நேரில் அறிய எங்கே செல்லலாம்?

நியூயார்க் மாநிலத்தின் விக்டர் நகருக்கு அருகிலுள்ள கனொண்டகனில், 1687இல் பிரெஞ்சுப் படையால் அழிந்த செனிகா ஊர் இருந்த இடத்தில், மீட்டெடுத்துக் கட்டிய நீள்வீடு உள்ளது. கனடாவில், டொராண்டோவிலிருந்து எளிதில் சென்றுவரக்கூடிய கிராஃபோர்ட் ஏரியில் அகழாய்வின் அடிப்படையில் அமைத்த நீள்வீடுகளைக் காணலாம். பிராண்ட்ஃபோர்டில் தொல்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்திருந்து 1970இல் மூடப்பட்ட மோஹாக் உறைவிடப் பள்ளியின் வளாகத்தில், இப்போது அம்மக்களே நடத்தும் உட்லண்ட் பண்பாட்டு மையம் இயங்குகிறது. கிராண்ட் ஆறு, ஒனொண்டாகா, அக்வெசாஸ்னே போன்றவை மக்கள் வாழும் ஊர்கள் என்பதால், பொதுநிகழ்வுகளுக்கு மட்டும் செல்வதும், சடங்கு நடக்கும் நீள்வீட்டுக்குள் அழைப்பின்றி நுழையாதிருப்பதும் முறை.